ஒரு உதாரணம் கேட்டேன்

எங்க கணக்குத் துறையில அவனுக்குப் பேரு சாக்பீஸ். பிள்ளைங்க வெச்ச பேரு. துறை ஆண்டு மலருக்கு, முன்னாள் ஆசிரியர்ங்கிற முறையில அவனைப் பத்தி ஒரு பக்கம் எழுதித் தாங்கன்னு என்கிட்ட கேட்டாங்க, எழுதிக் கொடுத்தேன். பத்தொன்பது வருஷம் பாடம் நடத்தினவர், எளிமையானவர், மாணவர்கள் மேல உயிரையே வெச்சிருந்தவர், இப்படி. அதுல பொய் ஒரு வரி கூட இல்லை. ஆனா அதைப் படிச்சிட்டுப் புள்ளியியல் துறைக்காரம்மா வந்து என் கையைப் பிடிச்சு, "எவ்வளவு உருக்கமா எழுதியிருக்கீங்க"ன்னு சொன்னாங்க பாருங்க, எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. உருக்கமாம்! மிச்சத்தையும் இங்கே எழுதிடறேன். படிச்சிட்டு என்னைத் திட்டறவங்க தாராளமா திட்டிக்கலாம்.

முதல்ல ஆள் எப்படின்னு சொல்லிடறேன். ஒல்லி, லேசா கூன், எந்த வெயில்லயும் முழுக்கை சட்டை. எங்க கல்லூரியில எல்லா வகுப்பறைக்கும் வெள்ளைப் பலகை வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. இவன் மட்டும் கீழ்த்தளத்துல, கழிவறைக்குப் பக்கத்துல இருக்கிற பழைய அறையைத்தான் கேட்டு வாங்குவான். அங்கேதான் கரும்பலகையைக் கழட்டாம விட்டு வெச்சிருந்தாங்க. வகுப்பு முடிஞ்சு ஆசிரியர் அறைக்கு வந்தா மூக்கு நுனி வரைக்கும் வெள்ளையா இருக்கும். "என்னப்பா, மாவு மில்லுல வேலையா?"ன்னு கேப்பேன். "நீங்க ஒருத்தர்தான் அக்கா என்னைக் கவனிக்கறீங்க"ன்னு சிரிப்பான். என்னைவிட நாலு வயசு சின்னவன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்லேயிருந்து நான் அவனுக்கு அக்காதான். அவன் மனைவிக்கும் அக்கா. அவன் பொண்ணுக்கு அத்தை.

பாடம் நடத்தறதுல அவனை அடிச்சுக்க ஆள் கிடையாது. எனக்கு அதுல வயித்தெரிச்சல் இருந்ததுன்னு இப்பவே ஒத்துக்கறேன். எந்தப் பிள்ளையாவது எழுந்து, "சார், மூணாவது வரி தப்பு"ன்னு சொன்னா மத்தவங்களுக்கெல்லாம் மூஞ்சி சிவக்கும், "உக்காரு, அப்புறம் சொல்றேன்"ம்போம். இவன் கைதட்டுவான். நிஜமாவே கைதட்டுவான். தூசி பறக்கும். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, அதன் கையாலேயே அந்த வரியை அழிக்கச் சொல்வான். என் வகுப்புல பின் பெஞ்சு தூங்கும். அவன் வகுப்புல பின் பெஞ்சுல இடம் கிடைக்காம சன்னல் விளிம்புல உக்காருவாங்க.

ஒரே ஒரு குறை. டாக்டர் பட்டம் கிடையாது. என்கிட்ட இருந்தது. முப்பத்திரண்டு வயசுல வாங்கினேன், ரெண்டு ஆய்வுக் கட்டுரையோட. அதுக்கப்புறம் ஒரு வரி கூட எழுதலை, அது வேற விஷயம். பட்டம் இருந்ததால எனக்கு ஆபத்து இல்லை. அஞ்சு வருஷத்துக்குள்ள டாக்டர் பட்டம் வாங்காதவங்க எத்தனை வருஷ சர்வீஸா இருந்தாலும் வேலையை விட்டுப் போயிடணும்னு மேலேயிருந்து உத்தரவு வந்தப்ப, எங்க துறையில மாட்டினது இவன் ஒருத்தன்தான். வயசு நாப்பத்தி மூணு. மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்துல ஊசி குத்தற வேலை, அதுவும் பாதி நாள்தான். பொண்ணு பள்ளிக்கூடம். இந்த வேலை போனா வேற எந்தக் கல்லூரியும் வாசல்ல கூட விடாது, ஏன்னா உத்தரவு எல்லாருக்கும் ஒண்ணுதான்.

உத்தரவு வந்த அதே மாசம் பல்கலைக்கழகத்துக்கு ஓடிப்போய் ஒரு பேராசிரியர்கிட்ட பதிவு பண்ணிக்கிட்டான். வழிகாட்டின்னு பேரு. அந்த ஆளுக்குக் கீழே அப்பவே பதிமூணு பேர். யாருக்கும் வழியும் காட்டினதில்லை, ஒரு மண்ணும் காட்டினதில்லை. ஒரே உபதேசம்தான்: "ஏற்கனவே இருக்கிறதுல ஒரு நிபந்தனையைச் சேரு. பேரை மாத்து. ஒரு கட்டுரை வரும். இன்னொண்ணைச் சேரு, இன்னொரு கட்டுரை வரும்." எங்க தொழில்ல இது ஒரு பழக்கம். வருஷா வருஷம் ஒரு கருத்தரங்கு நடக்கும், 'தூய கணிதம், பயன்பாட்டுக் கணிதம், புள்ளியியல் ஆகியவற்றில் அண்மைக்கால ஆய்வுகள்'னு மேடையில பெரிய துணி கட்டுவாங்க. அங்கே படிக்கிற கட்டுரையில பாதி இப்படி வந்ததுதான். படிக்கிறவர் தலை நிமிர மாட்டார், கேக்கறவங்க செல்போன்லேயிருந்து தலை நிமிர மாட்டாங்க.

சாக்பீஸ் எடுத்துக்கிட்டது 'இணக்கக் கூட்டம்'னு ஒண்ணு. பயப்படாதீங்க, எளிமையானதுதான். ஒரு கூட்டம் இருக்கு. அதுல எந்த ரெண்டு உருப்படியைச் சேர்த்தாலும் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே ஒண்ணு கிடைக்கும். பூஜ்யம்னு ஒரு உருப்படி உண்டு, அதை யாரோட சேர்த்தாலும் அந்த ஆள் மாற மாட்டான். இது முதல் நிபந்தனை. எதையும் அதோடயே சேர்த்தா பூஜ்யம் ஆயிடும், இது ரெண்டாவது. மூணு பேரைச் சேர்க்கும்போது எந்த ஜோடியை முதல்ல சேர்த்தாலும் பதில் ஒண்ணுதான், இது மூணாவது. அவ்வளவுதான். நாலு உருப்படி இருக்கிற ஒரு அட்டவணையை உதாரணமா போட்டு, ஆறு தேற்றம் நிரூபிச்சு, முதல் கட்டுரை எழுதினான். பெரிய புதுசு இல்லை. ஆனா தப்பும் இல்லை.

அவன் கணினியில ரெண்டு விரலால அடிக்கிற ஆள். கணக்குக் குறியெல்லாம் அச்சுப் புத்தகம் மாதிரி வரவைக்கிற மென்பொருள் எனக்கு அத்துப்படி. அதனால எழுதினதைக் கொண்டுவந்து என் மேஜையில வைப்பான், நான் அடிச்சுத் தருவேன். வெறுமனே அடிக்கலை, படிச்சேன். நிரூபணத்துல ஓட்டை இருந்தா அடைச்சேன், மூணு பக்கம் இழுத்ததை அரைப் பக்கம் ஆக்கினேன், ரெண்டு தேற்றத்தை நானே திருத்தி எழுதினேன். "அக்கா இல்லைன்னா நான் இல்லை"ன்னு ஆசிரியர் அறையில எல்லார் முன்னாடியும் சொல்வான். கேக்க நல்லாத்தான் இருக்கும்.

அப்புறம் வழிகாட்டி நாலாவது நிபந்தனையைச் சேர்க்கச் சொன்னார். மூணு உருப்படி எடுத்துக்கோ, க, ச, ட. க-வையும் ச-வையும் சேரு. ச-வையும் ட-வையும் சேரு. அந்த ரெண்டு பதிலையும் சேர்த்தா எப்பவும் பூஜ்யம்தான் வரணும். இதுக்கு 'நிறை இணக்கக் கூட்டம்'னு பேரு. நம்ம ஆள் மூணே மாசத்துல இதுல ஒன்பது தேற்றம் நிரூபிச்சிட்டான். தேற்றம் மழை மாதிரி கொட்டுதுக்கான்னு சந்தோஷம் தாங்கலை. உதாரணம்? 'முந்தைய கட்டுரையின் அட்டவணையைக் காண்க'ன்னு ஒரு வரி. அந்த அட்டவணை நாலாவது நிபந்தனைக்கும் ஒத்துவருதான்னு அவன் போட்டுப் பாக்கலை. வழிகாட்டி பாக்கலை. கட்டுரையை ஏத்துக்கிட்ட இதழ்ல மதிப்பீட்டாளர்னு ரெண்டு பேர் உண்டு, அவங்களும் பாக்கலை. அடிக்கும்போது நானும்தான் பாக்கலை.

நான் பார்த்தது மூணாவது கட்டுரை வரும்போது. பருவத் தேர்வு, எனக்குத் தேர்வறைக் காவல். மூணு மணி நேரம். பிள்ளைங்க எழுதறாங்க, மின்விசிறி கரகரன்னு சுத்துது, எனக்குக் கொட்டாவி. கையில அவனோட வரைவு இருந்தது. சும்மா, பொழுது போக, மிச்சமான விடைத்தாள் ஒண்ணோட பின்பக்கத்துல நாலாவது நிபந்தனையை எழுதினேன். க, ச, ச, ட. நடுவுல ரெண்டு ச பக்கத்துல பக்கத்துல நிக்குது. எதையும் அதோடயே சேர்த்தா பூஜ்யம், ஆக ரெண்டு ச-வும் காலி. மிஞ்சினது க-வும் ட-வும், அது பூஜ்யம். ட இடத்துல பூஜ்யத்தையே போடு. க-வும் பூஜ்யம். நாலே வரி. அந்தக் கூட்டத்துல பூஜ்யத்தைத் தவிர வேற உருப்படியே இருக்க முடியாது. அவன் நிரூபிச்ச தேற்றம் எல்லாம் சரிதான், ஒண்ணுல கூட பிழை கிடையாது. ஆளே இல்லாத ஊருக்கு உக்காந்து சட்டம் எழுதியிருக்கான், அவ்வளவுதான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்னிக்கே சொல்லிடணும்னுதான் விடைத்தாளை மடிச்சுக் கைப்பையில வெச்சேன். அது சத்தியம். மணி அடிச்சதும் ஆசிரியர் அறைக்குப் போனேன். அங்கே இவன் எல்லாருக்கும் தேநீர் ஊத்திக்கிட்டு இருந்தான். ரெண்டாவது கட்டுரை அச்சாகி வந்திருக்கு, அதுக்கு விருந்து. எனக்கும் ஒரு தம்ளர் நீட்டிட்டு, பத்து பேர் முன்னாடி சொன்னான்: "அக்கா, உங்க மூளைக்கு நீங்க இப்படிச் சும்மாவே உக்காந்துட்டீங்களே. பட்டம் வாங்கி இத்தனை வருஷத்துல ஒரு கட்டுரையாவது போட்டிருக்கலாம். நான் பாருங்க, ரெண்டு வருஷத்துல ரெண்டு." மனசுல ஒண்ணும் வெச்சுக்கிட்டுச் சொல்லலை. அக்கறையாத்தான் சொன்னான். சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. எனக்குச் சுரீர்னு ஏறிச்சு. தேநீரைக் குடிச்சேன். கைப்பையைத் திறக்கலை. கிடக்கட்டும், இவ்வளவு கெட்டிக்காரனுக்குத் தானா தெரியாமலா போயிடும்னு இருந்துட்டேன்.

அடுத்த வாரம் சொல்லியிருக்கலாம். அதுக்கடுத்த வாரம் சொல்லியிருக்கலாம். தள்ளிப்போட்ட ஒவ்வொரு வாரத்துக்கும், "ஏன்க்கா முன்னாடியே சொல்லலை?"ங்கிற கேள்வி ஒரு சுத்துப் பெருத்துக்கிட்டே போச்சு. இதழ்க்காரன் கண்டுபிடிச்சிடுவான்னு நினைச்சேன். மூணாவது கட்டுரை அச்சாச்சு. கருத்தரங்குல எவனாவது கேட்டுடுவான்னு நினைச்சேன். துணி கட்டின மேடையில ஏறி நாலாவதைப் படிச்சிட்டு வந்தான், சிறந்த கட்டுரைன்னு கேடயம் வேற! அதையும் என்கிட்ட கொண்டுவந்து காட்டினான். "அடேங்கப்பா"ன்னேன். வேற என்ன சொல்றது. நான் அடிச்சுக் கொடுத்த கட்டுரைதானே.

ஒரு தடவை அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் பொண்ணுக்கு வடிவியல் புரியலைன்னு கூப்பிட்டான். கூடத்துல ஒரே ஒரு மேஜை. சாயங்காலம் பொண்ணுக்கு, மத்த நேரம் இவனுக்கு. அது மேல முழுக்க அவன் எழுதித் தள்ளின காகிதம். இவன் கடைக்குப் போன நேரத்துல அவன் மனைவி என் பக்கத்துல வந்து உக்காந்தா. "அக்கா, எனக்கு இதுல ஒரு எழுத்து புரியாது. ரத்தம் எடுக்கற இடத்துல என்கூட வேலை பாக்கறவங்க எல்லாம் கேக்கறாங்க, உங்க வீட்டுக்காரர் வேலை நிக்குமா நிக்காதான்னு. நீங்க ஒருத்தர் பாத்து நல்லாயிருக்குன்னு சொன்னீங்கன்னா எனக்கு அது போதும். நல்லாத்தானே இருக்கு?"

என் கைப்பை மடியிலேயே இருந்தது. அந்த விடைத்தாள் இன்னும் அதுக்குள்ளேதான் கிடந்தது.

"நல்லாயிருக்கும்மா"ன்னு சொன்னேன். அவ என் ரெண்டு கையையும் எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டா. போதுமா?

ஆய்வேடு இருநூத்திப் பதினாலு பக்கம் வந்தது. தேற்றம் முப்பத்தொண்ணு. கடைசி அத்தியாயம் 'பயன்பாடுகள்'. தகவலைப் பிழையில்லாம அனுப்ப இந்தக் கூட்டம் உதவும்னு எழுதியிருந்தான். ஒரே ஒரு உருப்படியை வெச்சு என்னத்தை அனுப்பறது, தந்தியா? முழுசையும் நான்தான் அடிச்சேன். வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறிச்சப்ப உத்தரவோட கெடு முடிய ரெண்டு மாசம் இருந்தது. தேறிட்டா அன்னிக்கே கையில சான்று, வேலை தப்பிச்சது. திருத்திட்டு வான்னு சொன்னா குறைஞ்சது ஆறு மாசம். அதாவது வேலை போச்சு.

அவனோட நானும் போனேன். "அக்கா, நீங்க எதிர்ல உக்காந்திருந்தா எனக்கு தைரியமா இருக்கும்"னான். பேருந்துல ஒன்றரை மணி நேரம். பல்கலைக்கழகத்துல நீளமான ஒரு கூடம், ஊதா நிறம் அடிக்கிற ஒளித்திரை, நாற்காலியை நிரப்ப அனுப்பின ஆராய்ச்சி மாணவங்க ஒரு இருபது பேர். மேடையில வழிகாட்டியும், வெளியிலேயிருந்து வந்த தேர்வாளரும். இவன் புதுச் சட்டை போட்டு, முக்கால் மணி நேரம் பேசினான். குரல் நடுங்கலை. தேர்வாளர் ஆய்வேட்டைக் கையில தூக்கிக் காட்டி, "சமீபத்துல நான் பாத்ததுலேயே இதுதான் அழகா அடிக்கப்பட்ட ஆய்வேடு. குறி ஒண்ணு கூடப் பிசகலை"ன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துதான் போச்சு. "இதை எதிர்காலத்துல எப்படி விரிவாக்கலாம்?"னு ஒரு கேள்வி. "அஞ்சாவதா ஒரு நிபந்தனையைச் சேர்க்கலாம்"னு இவன் பதில். வழிகாட்டி தலையாட்டினார்.

கடைசியா நன்றித் திரை வந்தது. வழிகாட்டிக்கு ஒரு பத்தி. முதல்வருக்கு ஒரு பத்தி. மனைவிக்கு, பொண்ணுக்கு. நூலகருக்குக் கூட ஒரு வரி. எல்லாத்துக்கும் அடியில, சின்ன எழுத்துல: 'தட்டச்சில் உதவிய என் சக ஆசிரியைக்கு.'

தட்டச்சில்.

அதை அடிச்சது நான் இல்லை. அந்த ஒரு பக்கத்தை மட்டும் எனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு அவனே ரெண்டு விரலால அடிச்சிருக்கான். அதைப் பாத்துட்டு என்னைப் பாத்து ஒரு சிரிப்பு வேற சிரிச்சான். ரெண்டரை வருஷமா உள்ளே கிடந்தது அப்படியே நெஞ்சுக்குழிக்கு ஏறிச்சு.

எங்க தேர்வுல ஒரு வழக்கம் உண்டு. தேர்வாளர் முடிச்சதும், "அவையில் யாருக்காவது கேள்வி உண்டா?"ன்னு கேக்கணும். விதி. யாரும் கேக்க மாட்டாங்க, கேக்கவும் கூடாது. வெளியில சாப்பாட்டுப் பொட்டலம் காத்துக்கிட்டிருக்கும். அன்னிக்கும் வழிகாட்டி கோப்பை அக்குள்ல இடுக்கிக்கிட்டு, பாதி எழுந்துக்கிட்டே, அவையைப் பாக்காமலே கேட்டார். நான் கையைத் தூக்கினேன்.

"பூஜ்யத்தைத் தவிர வேற ஒரு உருப்படியாவது இருக்கிற ஒரு நிறை இணக்கக் கூட்டம், உதாரணத்துக்கு ஒண்ணு காட்ட முடியுமா?"

அவன் முகம் அப்படியே மலர்ந்தது. அவன் என்ன நினைச்சான்னு எனக்குத் தெரியும். சுலபமா ஒண்ணைக் கேட்டு அக்கா என்னைத் தூக்கி விடறாங்கன்னு நினைச்சான். "நல்ல கேள்வி"ன்னு திரைக்குப் பக்கத்துல இருந்த பலகைக்குப் போய், நாலு உருப்படி அட்டவணையைப் போட்டான். முதல் நிபந்தனை, சரி. ரெண்டாவது, சரி. மூணாவது, சரி. "இப்ப நாலாவது"ன்னான். க-வும் ச-வும் சேர்ந்தா ட. ச-வும் ட-வும் சேர்ந்தா க. ட-வும் க-வும் சேர்ந்தா... பூஜ்யம் வரணும். ச வந்தது.

நின்னான். உள்ளங்கையால அழிச்சான். வேற மூணு எடுத்தான். அதுலயும் பூஜ்யம் வரலை. தேர்வாளர் கடிகாரத்தைப் பாத்தார். இந்த இடத்துல வேற எவனா இருந்தாலும் பூசி மெழுகியிருப்பான். உதாரணம் பின்னிணைப்புல இருக்கு, நேரம் போதலை, அப்புறம் அனுப்பறேன், எத்தனை வழி இல்லை? யாரும் துருவியிருக்க மாட்டாங்க. பொட்டலம் ஆறிக்கிட்டு இருந்தது. இவன் பலகையை முழுசா துடைச்சிட்டு, மேலேயிருந்து பொதுவா எழுத ஆரம்பிச்சான். க, ச, ச, ட. நடுவுல இருந்த ரெண்டு ச-வையும் பாத்தான். அடிச்சான். அடுத்த வரி. அதுக்கடுத்த வரி.

அப்புறம் திரும்பி எங்களைப் பாத்து, வகுப்பு எடுக்கற அதே குரல்ல, ஒவ்வொரு வரியையும் விரலால தொட்டுத் தொட்டு விளக்கினான். அவ்வளவு தெளிவா யாரும் எதையும் விளக்கி நான் கேட்டதில்லை. ஆராய்ச்சி மாணவங்க பழக்கதோஷத்துல குறிப்பு எடுத்தாங்க. "ஆகவே, பூஜ்யத்தைத் தவிர வேற எதுவும் கிடையாது. உதாரணம் கிடையாது"ன்னு முடிச்சு, நிரூபணம் முடிஞ்சா போடற சின்னக் கட்டத்தைப் போட்டான். இதுதான் பதில்னு நினைச்சுப் பின்னாடியிருந்து ரெண்டு பசங்க கைதட்டினாங்க.

அதுக்கப்புறம் நடந்ததைப் பாக்கணுமே! "உதாரணத்தைச் சரிபாருன்னு நான் அப்பவே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்"னு வழிகாட்டி கை கழுவினார். அந்த நிபந்தனையைச் சேர்க்கச் சொன்னதே அந்த ஆள்தான். தேர்வாளருக்கு அதைவிட அவமானம். பட்டம் கொடுக்கலாம்னு எழுத்துல பரிந்துரைச்சு அனுப்பினவர் அவர்தானே. அந்தக் கோபத்தை யார் மேல காட்டறது? "அஞ்சு வருஷமா என்னத்தைப் பண்ணிக்கிட்டு இருந்தீங்க? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை போட்டுப் பாக்கத் தோணலையா? நாளைக்குப் பிள்ளைங்களுக்கு என்ன சொல்லிக் கொடுப்பீங்க?"ன்னு இருபது பேர் முன்னாடி கிழிச்சு எடுத்துட்டார். இவன் கையைக் கட்டிக்கிட்டு நின்னான். புதுச் சட்டை அக்குள்ல நனைஞ்சிருந்தது. நான் என் நாற்காலியை விட்டு எழுந்திரிக்கலை. சந்தோஷமா இருந்ததான்னு கேக்கறீங்களா? ஒரு நிமிஷம், சரியா ஒரு நிமிஷம், இருந்தது.

திரும்பும்போது பேருந்துல சன்னல் இருக்கையை எனக்கு விட்டுக் கொடுத்தான். அப்புறம், "நல்ல கேள்வி அக்கா"ன்னான். அவ்வளவுதான் பேசினது.

ரெண்டு மாசம் கழிச்சு அவன் மேஜையைக் காலி பண்ணினாங்க. வழியனுப்பு விழா கூட இல்லை, தகுதியில்லாம வெளியேத்தறவங்களுக்கு அது கிடையாதாம். கீழ்த்தளத்து வகுப்பை எனக்குப் போட்டாங்க. அவன் பிள்ளைங்க முன்னாடி போய் நின்னேன், வாரம் திரும்பறதுக்குள்ள பின் பெஞ்சு தூங்க ஆரம்பிச்சிடுச்சு. அவன் ஒரு டியூஷன் மையத்துல எட்டாம் வகுப்புக்குப் பெருக்கல் சொல்லிக் கொடுக்கறதா கேள்விப்பட்டேன். அவன் மனைவி முழு நாள் வேலைக்குப் போக ஆரம்பிச்சா. வழியில ஒரு தடவை பாத்தா, நின்னு நலம் விசாரிச்சா. என் மேல அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. கேள்வி கேட்டது நான்தான்னு தெரியும். சரியான கேள்வியைக் கேட்டது அக்கா ஒருத்தர்தான்னு அவன் சொல்லியிருக்கான்.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில என் வீட்டுக்கு வந்தான். இன்னும் இளைச்சிருந்தான். கையில மூணு பக்கம், ரெண்டு விரலால அவனே அடிச்சது. மேலே தலைப்பு: 'நிறை இணக்கக் கூட்டம் அனைத்தும் ஓருறுப்புக் கூட்டமே.' கீழே ரெண்டு பேரு. என் பேரு முதல்ல, அவன் பேரு அடுத்து.

"என் கடைசி மூணு கட்டுரையும் வெளியில கிடக்கு அக்கா. யாராவது சின்னப் பசங்க அதை நம்பி மேல கட்ட ஆரம்பிச்சிட்டாங்கன்னா பாவம். இதை அனுப்பிட்டா ஒரு முடிவு. நியாயமா உங்க பேருதான் முதல்ல வரணும்."

"எனக்கெதுக்குப்பா? பலகையில நிரூபிச்சது நீதானே."

"நீங்க கேக்கலைன்னா நான் எங்கே நிரூபிக்கறது? நான் முக்கால் மணி நேரம் பேசினேன், அதுக்குள்ள அங்கே உக்காந்தபடியே கண்டுபிடிச்சிட்டீங்களே! எனக்கு அஞ்சு வருஷமா தெரியலை. வீட்டுல பொண்ணுகிட்ட கூடச் சொன்னேன், அத்தை மூளை எப்படி வேலை செய்யுது பாருன்னு."

அவன் கண்ணுல இருந்தது நிஜமான மரியாதை. அதைத்தான் என்னால தாங்க முடியலை. கும்பிடற மாதிரி ஒருத்தன் எதிர்ல உக்காந்திருந்தா எரிச்சல்தான் வரும்.

"அன்னிக்குக் கண்டுபிடிக்கலைடா. ரெண்டரை வருஷத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்"னு கத்திட்டேன். "பருவத் தேர்வுல காவல் இருந்தேனே, அப்பவே. விடைத்தாள்ல போட்டுப் பாத்தேன். வேணும்னேதான் சொல்லலை."

அடிப்பான்னு நினைச்சேன். அழுவான்னு நினைச்சேன். விரலை மடக்கி மாசத்தை எண்ணினான். கணக்கு வாத்தியார் பாருங்க.

"அப்ப ரெண்டு கட்டுரைதான் வந்திருந்தது"ன்னான். "முதல் கட்டுரை சரி. அந்த மூணு நிபந்தனையோட திரும்பிப் போய் வேற வழியில போயிருக்கலாம். ஒன்றரை வருஷம்னு வெச்சுக்கிட்டாலும்... பதினெட்டு மாசம். அதுக்கப்புறமும் தேர்வுக்கு ஒரு வருஷம் மிச்சம் இருந்திருக்கு அக்கா."

"திட்டுடா. எதையாவது சொல்லித் தொலைடா."

"ஒரு வருஷம்"னு திரும்பவும் சொன்னான், எனக்கில்லை, தனக்குத்தான். அப்புறம் சட்டைப் பையிலேயிருந்து பேனாவை எடுத்து, அந்த மூணு பக்கத்தையும் முட்டி மேல வெச்சுக்கிட்டு, ரெண்டாவதா இருந்த தன் பேரை ஒரு கோடு போட்டு அடிச்சான். "யார் முதல்ல கண்டுபிடிச்சாங்களோ அவங்க பேருதான் இருக்கணும். நான் பலகையில போட்டது உங்களுக்கு ரெண்டரை வருஷம் பின்னாடி. என் பேரு இருந்தா அது பொய்"னு சொல்லிட்டு, காகிதத்தை மேஜை மேல வெச்சு, பறக்காம இருக்க என் மூக்குக் கண்ணாடியை எடுத்து அது மேல வெச்சான். செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் என்னை அக்கான்னு கூப்பிட ஒரு ஆளும் கிடையாது.

நான் அதை அனுப்பியிருக்க மாட்டேன்னு நினைக்கிறீங்க, இல்லை? அனுப்பினேன். அஞ்சு மாசத்துல அச்சாச்சு, ஒரே பேரோட. கடைசியில மேற்கோள் பட்டியல்ல அவன் பேரு மூணு தடவை வருது, மூணும் இன்னதெல்லாம் வீண்னு காட்டறதுக்கு. பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரை குறையுதுன்னு பல வருஷமா என் கோப்பு தூங்கிக்கிட்டிருந்தது, அது எழுந்திரிச்சது. நேர்காணல்ல மூணு பேர் உக்காந்திருந்தாங்க. நடுவுல இருந்தவர் என் கட்டுரையைப் புரட்டி, "ரொம்பச் சுருக்கம், ரொம்ப அழகு. இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆச்சு மேடம்?"னு கேட்டார். அஞ்சு நிமிஷம் சார்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அடுத்த மாசத்துலேயிருந்து நான் இணைப் பேராசிரியர்.